கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு ஏரிக்கரை

மீன் தொட்டி வளர்ப்பவர்களில் ரெண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்கு மீன்தான் எல்லாம். ரெண்டாவது கட்சிக்கு மீன் சும்மா பேருக்கு. தொட்டியின் அடியில் பச்சைப் பசேல்னு புல் மெத்தை விரியணும், அதுதான் லட்சியம். அடியேன் ரெண்டாவது கட்சி. வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியாது. "புல்லு வளக்கணும்னா வாசல்ல வளக்க வேண்டியதுதானே?" என்பார்கள். நியாயமான கேள்விதான் :-)

இந்த மெத்தை எங்கிருந்து கிளம்பி நம்ம வீட்டு ஹாலுக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன். லண்டன், ஜப்பான், கியூபா என்று சுற்றிவிட்டுக் கடைசியில் வில்லியனூர் வயல் வரப்பில் வந்து நின்றது.

முதலில் லண்டன். 1849ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் ஒரு பாத்திரத்தில் 12 காலன் தண்ணீர் விட்டு, ரெண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் போட்டு வைத்தார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனில் மீன் பிழைக்கும் என்பது கணக்கு. அழுகின இலை தண்ணீரைக் கெடுத்தபோது நத்தையை விட்டார், அது தின்று தீர்த்தது. அடிக்கடி தண்ணீர் மாற்றும் வேலை இல்லாமல் மீன் உயிரோடு இருந்தது. 1850ல் இதை எழுதி வெளியிட்டார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் கூடம் திறந்தார்கள். அந்த ஆசை கப்பலேறி 1909ல் சென்னை மெரினாவில் மீன் காட்சி சாலையாக வந்து நின்றது.

அந்த வாலிஸ்நேரியாவுக்குப் பேர்தான் இத்தாலிக்காரருடையது. ரிப்பன் மாதிரி நீளமாக வளரும் இதன் சொந்தபந்தங்கள் நம்ம ஏரி, வாய்க்காலிலும் உண்டு. ஊரில் வேலம்பாசி என்று பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில் இதுவும் ஒண்ணு.

ஆனால் அது நெட்டைச் செடி, மெத்தை ஆகாது. தரையோடு தரையாகப் படரும் செடிகளுக்குப் பெரிய மவுசு கொடுத்தவர் ஜப்பானின் நீகாட்டா ஊர்க்காரர் தகாஷி அமானோ (1954-2015). சைக்கிள் பந்தய வீரராக இருந்து புகைப்படக்காரர் ஆனவர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்துச் சதுப்புகளில் வளரும் குளோசோஸ்டிக்மாவைத் தொட்டியின் அடியில் விரித்தார். 1992ல் வந்த அவருடைய படப் புத்தகத்தைப் பார்த்து உலகம் முழுக்கப் பைத்தியம் பிடித்தது. காற்றை விடத் தண்ணீரில் கரியமிலவாயு சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால் செடிக்குத் தீனி பத்தாது. அமானோ ஆரம்பத்தில் சோடாவை ஊற்றிப் பார்த்தாராம்! பிறகுதான் சிலிண்டர் வைத்து வாயுவைக் கொடுக்கும் பழக்கம் பரவியது. 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் டிராபிகா நிறுவனத்தை நிறுவிய ஹோல்கர் விண்டலோவ், கியூபாவில் எடுத்து வந்த குட்டி இலைச் செடியைச் சந்தைக்கு விட்டார். இன்றைக்கும் அதற்குக் 'கியூபா' என்றுதான் செல்லப்பேர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புல் மெத்தை என்கிறோமே, அதில் பெரும்பாலும் புல்லே கிடையாது. 'ஹேர் கிராஸ்' என்று கடையில் விற்கும் எலியோகாரிஸ் கோரைக் குடும்பம். லிலியோப்சிஸ் கேரட் குடும்பம். மார்சிலியா என்று காசு கொடுத்து வாங்குவது பெரணி வகை. அந்த மார்சிலியாவின் நம்ம ஊர்ப் பேரைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆராக்கீரை! நாலு இலை கூட்டல் குறி மாதிரி விரிந்து, வயல் ஓரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடக்குமே, அதேதான். கடையில் விற்பது வெளியூர் வகை, வரப்பில் இருப்பது நம்ம வகை. மத்தபடி ஒரே வம்சம்.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சொந்த ஊர்தான், அது கரை. பாகூர் ஏரியை எடுத்துக்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். சித்திரை, வைகாசியில் வற்றி ஓரமெல்லாம் சேறாகும். அந்த ஓரத்தில் பிழைக்கிற செடி பாதி வருஷம் தண்ணிக்குள்ளும் பாதி வருஷம் வெயிலிலும் வாழத் தெரிந்த செடியாக இருக்கணும். தண்ணி ஏறினால் பழைய இலையை உதிர்த்துவிட்டு வேற மாதிரி இலை விடும். ஆராக்கீரை இன்னும் கெட்டி. அதன் வித்துறை பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்தாலும் தண்ணி பட்டால் முளைக்கும்.

பண்ணைக்காரர்கள் மெத்தைச் செடிகளை ஈரக் காற்றில், தண்ணிக்கு வெளியேதான் வளர்த்து விற்கிறார்கள். தொட்டியில் நட்டதும் இலை கரைவது அதனால்தான். செத்துப் போச்சு என்று பிடுங்கிப் போடாதீர்கள், உடை மாத்துது, அவ்வளவுதான். தொட்டியில் முதலில் ஈரமண் மட்டும் வைத்து, மேலே மூடி, செடி வேர் பிடித்துப் படர்ந்த பிறகு தண்ணி விடும் முறை 2000களில் பிரபலமானது. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பேசினார்கள். நம்ம ஏரிகள் காலங்காலமாக வருஷா வருஷம் செய்வது அதைத்தான்.

வில்லியனூர் பக்கம் ஒரு வரப்பில் (வயல்காரரிடம் கேட்டுத்தான்) கைப்பிடி ஆராக்கீரை எடுத்து வந்து ஆற்று மணலில் நட்டேன். ரெண்டு வாரத்தில் நாலு இலை அத்தனையும் போச்சு. பிறகு ஒற்றை இலையாக, கட்டை விரல் உயரத்துக்குள் குட்டி குட்டியாக வந்தது. மெதுவாகத்தான் படரும், அமானோ படம் மாதிரி வராது. ஆனால் சிலிண்டரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம்.

இதோடு நிறுத்தலாம்தான், ஆனால் கதைக்கு மறுபக்கம் இருக்கு. தண்ணீர்ச் செடி எப்பவும் ஒரு வழிப் பயணம் போகாது. தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. இன்று அது மூடாத ஏரி உண்டா? நம்ம பக்கத்துப் பாசியான ஹைட்ரில்லா 1950களில் இலங்கையிலிருந்து மீன் தொட்டி வியாபாரம் வழியே அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கே ஏரிகளை அடைத்தது. அதைத் தின்ன 1987ல் ஒரு குட்டி ஈயை இந்தியாவிலிருந்தே கொண்டு போய் விட வேண்டியதாச்சு. தொட்டிச் செடியான கபோம்பா கேரளத்து நீர்நிலைகளில் இப்போது களை.

வில்லியனூருக்குப் பக்கத்து ஊசுட்டேரியை 2008ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கிருந்து செடி எடுக்கவும் கூடாது, அங்கே எதையும் கொட்டவும் கூடாது. கொட்டக் கூடாது என்பது சரணாலயத்துக்கு மட்டும் இல்லை, எல்லா ஏரி குளத்துக்கும்தான். தொட்டியைக் கலைக்கும்போது "பாவம், உயிராச்சே" என்று ஏரியில் விடுவது புண்ணியம் இல்லை. கத்தரித்த செடியை மொட்டை மாடியில் சருகாகும்வரை காய வைத்துப் பூந்தொட்டிக்கு உரமாகப் போடுங்கள்.

ஏரிக்கரையைச் சரிவு இல்லாமல் நெட்டுக்குத்தாகக் கல் பதித்துக் கட்டினால் பார்க்க சுத்தமாக இருக்கும். ஆனால் தண்ணி மெல்ல ஏறி இறங்கும் அந்தச் சேற்று ஓரம் போயிடும். ஆராக்கீரையும் கோரையும் இருப்பது அங்கேதான், மீன் குஞ்சு ஒதுங்குவதும் கொக்கு மேய்வதும் அங்கேதான். நாம ரெண்டடித் தொட்டியில் லைட்டு போட்டு, வாயு கொடுத்து, உரம் ஊத்தி உண்டாக்கப் பார்ப்பதும் அந்த ஓரத்தைத்தான்.