தாய்மடியில் நிமிர்ந்த பாதங்கள்

தாய் வயிற்றிலிருந்தே கால் ஊனமுற்ற ஒருவரை அழகுவாயிலில் நாள்தோறும் கிடத்திவந்தனர் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். அவர் பாதங்களும் கணுக்கால்களும் வலுப்பெற்றன என்று தனித்தனியே குறிப்பதில் மருத்துவரான லூக்காவின் கண்ணைக் காண்கிறோம்.

குதிகால் மேலேறி, பாதம் உட்புறம் மடங்கிப் பிறத்தலைக் கோணற்பாதம் என்போம். ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்றுக்கு இக்குறை நேர்கிறது. கிரகண வேளையில் தாய் வெளியே வந்ததே காரணம் என்னும் பழி நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. ஆம்பூரும் இராணிப்பேட்டையும் உலகுக்கே காலணி தைத்தனுப்ப, எக்காலணியும் பொருந்தாத பாதத்தோடு நம்மிடையே சிலர் வாழ்ந்தனர்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் வளர்ந்த மறைப்பணியாளர் மகன். நம் திருச்சபையினர் அல்லர், ஆயினும் நம் நன்றிக்குரியவர். இலண்டனில் டெனிஸ் பிரவுனிடம் கோணற்பாத மருத்துவம் பயின்றவர். அங்கே பாதங்களை வலிந்து நிமிர்த்தினர். வடிவம் நேரானது, உள்ளே தழும்பேறித் தசை இறுகிற்று. வேலூரிலோ மருத்துவமே காணாத பெரியவர்கள் வந்தனர். பாதத்தின் வெளிவிளிம்பில் நடந்து நடந்து தோல் காய்த்திருந்தது. உள்ளே தசையோ மென்மையாகவே இருந்தது. கெடுத்தது நோயா, மருத்துவமா என்ற கேள்வி அவருள் எழுந்தது.

பின்னர் அவர் வகுத்த முறை எளியது. குழந்தை பசியோடு வரவேண்டும். தாய் பாலூட்டத் தொடங்கியதும் பாதத்தை மெல்லத் திருப்புவார். கண்ணோ குழந்தையின் முகத்திலேயே நிற்கும். குழந்தை பால் குடிப்பதை விட்டு அழுதால் விசை மிகுந்துவிட்டது என்று பொருள்; கையைத் தளர்த்தி, அந்நிலையில் மாவுக்கட்டுப் போடுவார். அடுத்த கட்டில் இன்னும் சிறிது. தொழுநோயாளரின் இறுகிய விரல்களுக்கும் இப்பொறுமையையே பின்னர் அவர் கையாண்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி என்ற ஸ்பானியரும் மென்மையான கட்டுமுறையை உருவாக்கினார். 1963இல் அதனை வெளியிட்டும், உலகம் செவிசாய்க்க 1990களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. (கத்தி ஏந்திய கைக்குப் பொறுமை எளிதில் வருவதில்லை போலும்!) இன்று எங்கும் அம்முறையே. வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு கட்டுகள். தேவையெனில் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு.

கடினமான பகுதி அதன் பிறகே. சட்டத்தால் இணைத்த இரு காலணிகளை முதல் மூன்று மாதம் நாளெல்லாமும், பின்னர் நான்கு வயதுவரை உறக்கத்திலும் அணிவிக்க வேண்டும். குழந்தையின் அழுகை பொறாமல் பாட்டியோ தாயோ அதைக் கழற்றிவிடுவதால்தான், பெரும்பாலும், பாதம் மீண்டும் கோணுகிறது.