கீழத்தஞ்சையில் சங்கமும் சட்டங்களும்

மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் 1943-இல் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியபோது, கோரிக்கைகளில் முன்னால் நின்றவை மிக எளியவை. சவுக்கடி கூடாது. சாணிப்பால் புகட்டக் கூடாது. கூலி நெல்லை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கி, அங்கே கிடைத்ததை உண்டு, இவற்றைச் சொல்லித்தான் பண்ணையாட்களைத் திரட்டினார். கிராப்பு வெட்டி, வேட்டி கட்டி வந்த மணலூர் மணியம்மையும் இதே வரப்புகளில் நடந்தவர். அடுத்த ஆண்டே மிராசுதார்கள் மன்னார்குடியில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

சட்டம் வந்தது 1952-இல், ராஜாஜி ஆட்சியில். தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு தந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்க முடியாது என்றது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலி அளவுக்கு மேற்படாமல் நிலம் வைத்திருப்பவரை அது தொடவில்லை. பண்ணையாள் என்று வைத்தால்தானே பாதுகாப்பு? மிராசுதார்கள் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். பண்ணையடிமை முறை தளர்ந்ததில் சட்டத்துக்கும் சங்கத்துக்கும் உள்ள பங்கு இந்தத் தந்திரத்துக்கும் உண்டு.

1956-இல் நியாய வாரச் சட்டம் நஞ்சையில் நில உடைமையாளரின் பங்கை நூற்றுக்கு 40 ஆக்கியது. 1961-இல் நில உச்சவரம்பு: ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். தீர்வையை வைத்துக் கணக்கிடும் இந்தத் தர ஏக்கர், வரப்பில் நிற்பவனுக்குக் கடைசிவரை புரியாத அளவு. கரும்பு நிலம், மேய்ச்சல் நிலம், அறக்கட்டளை நிலம் என்று விலக்குகள் நீண்டன. கோயிலும் மடமும் பெருநிலக்கிழாராக இருக்கும் காவிரிப் படுகையில் அறக்கட்டளை விலக்கு ஒன்றே போதும்! மசோதாவை எதிர்த்து அந்த ஆண்டு சங்கம் மறியல் நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். செப்டம்பர் 30 அன்று சீனிவாசராவ் மறைந்தார். 1970-இல் வரம்பு 15 தர ஏக்கராகக் குறைந்தபோது, குறைக்க வேண்டிய நிலம் முன்கூட்டியே மகன், மருமகன், காரியக்காரர் பெயர்களில் பிரிந்து கிடந்தது.

இதற்கிடையில் 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது; அதைத் தொடர்ந்து சங்கமும் பிளந்தது. கூலிப் போராட்டம் மட்டும் நிற்கவில்லை. செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வாருங்கள் என்று மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் தொழிலாளர்களை நெருக்கிய காலம் அது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரே குடிசைக்குள் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

என் கணிப்பில் இவற்றையெல்லாம் விடப் பெரியது 1971-இன் குடியிருப்புச் சட்டம். அதற்கு யாரும் அதிகப் பக்கம் ஒதுக்கியதில்லை. அதுவரை தொழிலாளியின் குடிசை மிராசுதாரின் மண்ணில் நின்றது. கூலியைக் கூட்டிக் கேட்டால் வேலையோடு வீடும் போகும். இந்தச் சட்டத்தால் மனை சொந்தமான பிறகு, "இந்தக் கூலிக்கு வரமாட்டோம்" என்று நடவு நாளில் ஒரு தெருவே சொல்ல முடிந்தது. நிலம் கைக்கு வராத இடங்களிலும் கூலி ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலத்தை வேறு வழியில் பெற்றுத் தந்தவர்களும் உண்டு. காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலத்தை விலை பேசி வாங்கி, தலித் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தது. சங்கத்தார் பலருக்கு விலை கொடுப்பதில் உடன்பாடில்லை. பட்டாவைப் பெண் பெயரில் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சங்கத்தினராகிய நாம் அவர்களிடமிருந்து இன்னும் முன்பே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இனி சங்கத்தின் முன் இருப்பது கோயில் நிலக் குத்தகை. 1969-இன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தகப்பன் பெயரில் இருக்கும் பதிவைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவது, பாக்கிக்காக வரும் வெளியேற்ற நோட்டீசுக்குப் பதில் எழுதுவது, வறண்ட ஆண்டுக்குக் குத்தகைத் தள்ளுபடி கேட்பது என இதில் வேலை நிறைய இருக்கிறது.