மெதடோன்: உடலின் நியதியும் சட்டத்தின் நீதியும்

போதைக்கு அடிமையானவனைச் சமுதாயம் நெடுங்காலமாக இரு பெயர்களால் அழைத்து வந்துள்ளது. ஒன்று பாவி, மற்றது குற்றவாளி. அவனை நோயாளி என்று அழைப்பதற்கு விஞ்ஞானம் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தை மெதடோன் என்னும் மருந்தின் வரலாற்றிலே நாம் தெளிவாகக் காணலாம்.

இம்மருந்தின் பிறப்பிடம் பெருமைக்குரியதன்று. 1930களின் பிற்பகுதியில், ஐ. ஜி. பார்பன் என்னும் ஜேர்மன் இரசாயன ஏகபோகத்துக்குச் சொந்தமான ஆலையொன்றிலே பொக்மூல், ஏர்ஹார்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இதனை ஆக்கினர். பின்னர் அவுஷ்விற்ஸ் முகாமின் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கியதும் அதே நிறுவனமே. போர் முடிந்ததும் வென்ற நாடுகள் அதன் காப்புரிமைகளைக் கைப்பற்றின. 1947இல் இது நோவகற்றும் மருந்தாக ஐக்கிய அமெரிக்காவின் சந்தைக்கு வந்தது.

அந்நாட்டுச் சட்டமோ வேறு வழியிற் சென்றுகொண்டிருந்தது. 1914இல் ஹரிசன் சட்டம் பிறந்தது. போதைக்கு அடிமையானவனின் வேதனையைத் தணிப்பதற்காக மட்டும் மோர்ஃபின் எழுதிக் கொடுப்பது வைத்தியமாகாது என்று 1919இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் இத்தகைய நோயாளிகளுக்கு உதவிய வைத்தியர்களும் சிறை வாசலைக் காண நேர்ந்தது.

இந்நிலையில், 1964இல் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிறுவனத்திலே வின்சென்ற் டோல், மேரி நிசுவாண்டர், மேரி ஜீன் கிறீக் ஆகியோர் துணிந்து ஆய்வு தொடங்கினர். முதலில் அவர்கள் மோர்ஃபினைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளர் அடுத்த ஊசியை எதிர்பார்த்துக் கிடந்தனரேயன்றி வேறெதிலும் நாட்டங் கொள்ளவில்லை. மெதடோனுக்கு மாற்றியபோது நிலைமை மாறிற்று. ஒருவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடர விரும்பினார். 22 நோயாளர் பற்றிய அறிக்கை 1965இல் வெளிவந்தது.

இம்மாற்றத்தின் காரணம் யாது? விடை உடலின் காலக்கணக்கிலே உள்ளது. ஹெரோயின் சில நிமிடங்களில் மூளையை எட்டுகிறது. சில மணித்தியாலங்களில் அதன் பயன் வடிந்துவிடுகிறது. ஏற்றமும் வீழ்ச்சியும் ஒரே நாளிற் பலமுறை நிகழ்கின்றன. வாயால் உட்கொள்ளும் மெதடோன் அவ்வாறன்று. அது குடலால் மெல்ல உறிஞ்சப்பட்டு, இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்களில் குருதியிலே உச்சத்தை அடைகிறது. பெரும்பகுதி குருதிப் புரதங்களோடு பிணைகிறது. ஈரல் முதலிய இழையங்களில் தங்கிச் சிறிது சிறிதாக மீள்கிறது. ஈரலின் நொதியங்கள் அதனைச் செயலற்ற பொருளாக மாற்ற, அது சிறுநீரோடும் மலத்தோடும் வெளியேறுகிறது. குருதியில் உள்ளதிற் பாதி நீங்கச் சராசரியாக ஒரு நாள் செல்லும். நேற்றைய பங்கு தீருமுன் இன்றைய பங்கு சேர்வதால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் குருதியின் அளவு ஓரளவு நிலைபெறுகிறது. மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. மனிதன் தன் நாளைத் திரும்பப் பெறுகிறான்.

ஆயின், காக்கும் இத்தாமதமே கொல்லவும் வல்லது. நோவகற்றும் பயன் சில மணித்தியாலங்களில் நின்றாலும் மருந்து உடலிலே தேங்கியிருக்கும். அதையறியாது அளவை அவசரமாக உயர்த்தினால் சுவாசம் அடங்கிவிடும். முதலிரு வாரங்களே பேரபாயமானவை. மேலும், பாதி நீங்கும் காலம் ஒருவருக்கு 8 மணித்தியாலமாகவும் இன்னொருவருக்கு 59 மணித்தியாலமாகவும் இருக்கக்கூடும். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது சமத்துவமன்று, அறியாமையே.

1976இல் கிறீக்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையை நன்கு உணர்த்திற்று. வறியோரின் நோயாகிய காசநோயும் பீடித்திருந்த மெதடோன் நோயாளர் 30 பேருக்கு றிஃபாம்பிசின் கொடுக்கப்பட்டது. 21 பேர் தவிப்பிலே வீழ்ந்தனர். மருந்து போதவில்லை என்று போதை நோயாளி முறையிட்டால் அதனைப் பொய்யென்று தள்ளுவதே உலக வழக்கு. ஆனால் அவர்களின் குருதி சாட்சி சொல்லிற்று. றிஃபாம்பிசின் ஈரலின் நொதியங்களைத் தூண்டி, மெதடோனை விரைந்து அழித்திருந்தது. நோயாளி உரைத்தது மெய்யே.

விஞ்ஞானம் இவ்வளவு சொன்ன பின்னரும் சட்டத்தின் ஐயம் தீரவில்லை. அமெரிக்காவில் 1972இல் வகுக்கப்பட்ட விதிகள் சிகிச்சையை அனுமதித்தனவாயினும், நோயாளரிற் பலரை நாள்தோறும் மருந்துக்கு வரிசையில் நிற்க வைத்தன. ஊசியின் சங்கிலியிலிருந்து விடுபட்டவன் வரிசையின் சங்கிலியிற் பிணைக்கப்பட்டான். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. வீட்டுக்கு மருந்து கொண்டு செல்லும் விதிகளை அமெரிக்க அரசு நிலையாகத் தளர்த்தியதோ 2024இலேதான்.

ஈரலுக்குப் பாவியும் தெரியாது, புண்ணியவானும் தெரியாது. அது தன் நியதிப்படி இயங்குகிறது. அந்நியதியை அறிந்து மனிதனுக்குத் துணைநிற்பது வைத்தியம். அதனை அறிந்தும் அவனைத் தண்டிப்பது கொடுமை. இரண்டில் எதன் பக்கம் நிற்பது என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும்.