க்விஸ் ஆடியது 335 பேர்... சிக்கியது 5.62 லட்சம் இந்தியர்கள்! ஃபேஸ்புக் தகவல் கைமாறியது எப்படி?

'நீங்க எப்படிப்பட்டவர்?' என்று சொல்லும் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் ஆப். இந்தியாவில் அதை இன்ஸ்டால் செய்தவர்கள் வெறும் 335 பேர்தான். ஆனால், தகவல் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக் 2018-ல் சொன்ன இந்தியர்களின் எண்ணிக்கை 5,62,455. எப்படி?

யாருடைய ஆப்?

'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்ற அந்த ஆப்பை உருவாக்கியவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன். இப்படி ஃபேஸ்புக்குக்கு வெளியே இருப்பவர்கள் உருவாக்குவதுதான் 'தேர்ட் பார்ட்டி ஆப்'.

நண்பர்கள் தகவல் எப்படி போச்சு?

அன்றைய ஃபேஸ்புக் விதிப்படி, ஒருவர் 'ஓகே' கொடுத்தால் போதும். அவருடைய நண்பர்களின் ஊர், லைக்ஸ் போன்ற விவரங்களையும் ஆப் எடுக்கலாம். அந்த நண்பர்களிடம் தனியாக யாரும் கேட்க மாட்டார்கள். 2015-ல்தான் இந்த வழி பெரும்பாலும் அடைக்கப்பட்டது.

அப்போ தப்பு எங்கே?

தகவலை எடுக்க அனுமதி இருந்தது. மற்றவருக்குக் கொடுக்க அனுமதி இல்லை. ஆனால் அந்தத் தகவல், அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குப் போனது. 2015-ல் விஷயம் தெரிந்ததும், "அழிச்சிடுங்க" என்றது ஃபேஸ்புக். 'அழித்துவிட்டோம்' என்ற உறுதிமொழியையும் வாங்கியது. ஆனால் உண்மையிலேயே அழித்தார்களா என்று சோதிக்கவில்லை. 2018 மார்ச்சில் முன்னாள் ஊழியர் கிறிஸ்டோபர் வைலி விவகாரத்தை வெளியே கொண்டுவந்தார். உலகம் முழுக்க 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது.

அப்புறம் என்ன ஆச்சு?

2018 மே மாதம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மூடப்பட்டது. 2019-ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி. அமைப்பு, ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மீதும், கோகனின் குளோபல் சயின்ஸ் ரிசர்ச் நிறுவனம் மீதும் 2021-ல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது.

நீங்க என்ன செய்யணும்?

ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பகுதிக்குப் போங்க. எப்போதோ ஃபேஸ்புக் மூலம் லாகின் செய்த கேம், க்விஸ் எல்லாம் அங்கே இருக்கும். தேவையில்லாததை நீக்குங்க.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. ஆப்பை நீக்கினால், இனிமேல் தகவல் போவதுதான் நிற்கும். ஏற்கெனவே எடுத்த தகவல் அந்த ஆப் நிறுவனத்திடமே இருக்கலாம். அதை அழிக்கச் சொல்லி அவர்களிடம்தான் நேரடியாகக் கேட்க வேண்டும். அதனால், அடுத்த முறை ஜாலியா ஒரு க்விஸ் வந்தால், 'ஓகே' தட்டுவதற்கு முன், என்னென்ன கேட்கிறது என்று ஒருமுறை படிச்சிடுங்க.