தாமிர நிறத்து மீன்

மொன்ட்ரியால்-நோர் கரையைத் தழுவி ஓடும் பிரேரி நதியையும், அதற்கு வடக்கே லாவால் தீவுக்கு அப்பாலுள்ள மில் ஈல் நதியையும், செயின்ட் லாரன்ஸையும், சொரேல் அருகே அதில் கலக்கும் ரிஷெலியூவையும் ஒரே நீர்க்குடும்பமாகக் கொண்டால், பூமியில் வேறெங்கும் வாழாத ஒரு மீனுக்கு ஜன்மபூமி அதற்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ‘செவாலியே குய்வ்ரே’ என்றழைக்கும் அந்தத் தாமிர நிறத்து மீன், நம் கெண்டைகள் சேர்ந்த பெருவரிசையைச் சேர்ந்தது. கீழ்நோக்கிய தடித்த உதடுகளால் ஆற்றடியை உறிஞ்சி மேய்வது.

அதன் விசேஷம் தொண்டைக்குள் இருக்கிறது. அங்கே அமைந்த கடைவாய்ப் பற்கள் போன்ற பற்களால் நத்தைகளையும் சிப்பிகளையும் நொறுக்கியே அது பெரும்பாலும் ஜீவிக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய இம்மீன் பத்து வயதளவில்தான் பருவமடைகிறது. இனத்தார் மற்றவரெல்லாம் முட்டையிட்டு ஓய்ந்த பிறகு, ஜூன் கடைசியில், ஜலம் நன்றாக வெதுவெதுத்த பின்னரே ரிஷெலியூவின் ஷாம்ப்லி நீரோட்டங்களை நாடுகிறது. வயல்களின் பூச்சிமருந்து ஆற்றில் இறங்குவதும், உல்லாசப் படகுகள் பெருகுவதும் அதே மாதங்களில்தான் என்பதை எண்ணும்போது, இந்தத் தாமதமே அதற்கு வினையாயிற்றோ என்று தோன்றுகிறது.

மொன்ட்ரியால் அகழாய்வுகளில் இதன் எலும்புகள் கிடைத்திருப்பதால், முன்னோர் இதைப் புசித்தனர் என்பது நிச்சயம். ஆயினும் மருத்துவரும் மீன்பிடிக் காவல் அதிகாரியுமான பியேர் ஃபோர்தேன் 1866இல் இதை வர்ணித்தும், வேறொரு மீனின் பெயரிலேயே அது ஏடேறிற்று. தனி இனமென்று மீனியலாளர் வியானே லெஜாந்த்ர் தெளிந்தது 1942இல். இடைப்பட்ட எழுபத்தாறு வருஷங்களில் ஆலைகளும் அணைகளும் நதிகளின் முகத்தையே மாற்றிவிட்டிருந்தன. அறிவு பிந்தியது, பாதுகாப்பு அதனினும் பிந்தியது: கெபெக் அரசு 1999இல் இதை அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது, ரிஷெலியூவின் சேந்த்ஊர் அணையில், மீன்கள் அதைத் தாண்ட லெஜாந்த்ர் பெயரால் மீனேணி 2001இல் எழுந்தது, ஷாம்ப்லியில் ஃபோர்தேன் பெயரால் சரணாலயம் 2002இல் தோன்றியது. 2004 முதல் செயற்கை இனப்பெருக்கத்தால் பெற்ற குஞ்சுகளையும் ஆற்றில் விடுகிறார்கள்.

இந்நதிகளில் தூண்டில் போடும் தமிழன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உறிஞ்சுவாய் மீன் எது சிக்கினாலும், இனம் பிரித்தறிவது கடினமாதலால், உயிரோடு நீரிலேயே விட்டுவிடுங்கள்.