பரிசா, கடனா?

பெரிய சண்டைகளுக்குப் பின்னால் பல சமயம் ஒரு சின்னக் கணக்குதான் இருக்கும். "நான் கொடுத்தது கைமாத்து" என்பார் ஒருவர். "நீங்க சும்மா கொடுத்தீங்கன்னுல்ல நினைச்சேன்" என்பார் இன்னொருவர். பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கசப்பைப் படிக்கப் படிக்க, எனக்குக் கேட்பது இந்த உரையாடல்தான்.

இரண்டு பக்கமும் சொல்லும் குறைகள் நமக்குப் பழக்கமானவை. பிரெஞ்சுக்காரன் திமிர் பிடித்தவன், சோம்பேறி, போர் என்றால் கையைத் தூக்கிவிடுவான், நன்றி கெட்டவன். அமெரிக்கனுக்குப் பணம்தான் தெய்வம், ருசி தெரியாது, உலகத்துக்கே தான் வாத்தியார் என்று நினைப்பு. நான் வேலை பார்த்த ஒரு டீமில் இரண்டு நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் வந்தால் "பாரிஸே லீவு, ரிலீஸை செப்டம்பருக்குத் தள்ளிடுங்க" என்று ஒரு பக்கம் கிண்டல் வரும். "அவனுக்கு பில்ட் உடைஞ்சாலும் ஆசம்தான்" என்று மறுபக்கம். எல்லாம் சிரிப்போடு போய்விடும். ஒருநாள் பேச்சு இரண்டாம் உலகப் போர் பக்கம் போனபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "நாங்க வரலைன்னா நீங்க இன்னைக்கு ஜெர்மன்தான் பேசிட்டிருப்பீங்க" என்றார் ஒருவர். "நாங்க வரலைன்னா நீங்க இன்னும் இங்கிலாந்து ராஜாவுக்கு வரி கட்டிட்டிருப்பீங்க" என்று பதில் வந்தது.

இரண்டுமே பழைய வசனங்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டு போனால் ஒரு நாடக ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

பொமார்ஷே ஒரு கடிகாரக்காரரின் மகன். 'செவில் நகர நாவிதன்' நாடகம் 1775இல் மேடையேறி அவருக்குப் பெரும் பேர் வாங்கிக் கொடுத்தது. அடுத்த வருடமே ஆயுத வியாபாரத்தில் இறங்கினார். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராகக் கிளம்பியிருந்த நேரம். உதவி செய்ய பிரான்ஸுக்கு ஆசை, ஆனால் வெளியே தெரியக்கூடாது. எனவே 1776இல் பிரெஞ்சு அரசு ரகசியமாக 10 லட்சம் லிவ்ர் கொடுத்தது, ஸ்பெயின் அதே அளவு கொடுத்தது. அந்தப் பணத்தில் 'ரோட்ரிக் ஒர்த்தாலே கம்பெனி' என்றொரு போலி வணிக நிறுவனத்தைப் பொமார்ஷே தொடங்கினார். பீரங்கி, துப்பாக்கி, வெடிமருந்து, சீருடை என்று கப்பல் கப்பலாக அட்லாண்டிக்கைக் கடந்தன. போரின் முதல் பெரிய திருப்பமான 1777 சாரடோகா வெற்றிக்கு அந்தச் சரக்கு பெரிதும் உதவியது.

சரக்குக்குப் பதிலாகப் புகையிலை வரும் என்று பொமார்ஷே காத்திருந்தார். பெரிதாக எதுவும் வரவில்லை. இதெல்லாம் பிரெஞ்சு அரசனின் அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை என்று அமெரிக்கத் தூதர்களில் ஒருவரான ஆர்தர் லீ காங்கிரஸுக்கு எழுதியிருந்தார். பொமார்ஷேவின் கணக்குப் புத்தகத்திலோ அது விற்பனை. என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே பரிவர்த்தனை இரண்டு டேட்டாபேஸில் இரண்டு வகையாகப் பதிவாகிவிட்டது. பொமார்ஷே 1799இல் பணத்தைப் பார்க்காமலே செத்துப்போனார். அவருடைய வாரிசுகளுக்கு 1835இல்தான் 8 லட்சம் பிராங்க் கிடைத்தது. அதுவும் அவர்கள் கேட்டதைவிடக் குறைவு.

பரிசா, கடனா? இந்தக் கேள்விக்கு அன்றைக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு சண்டையிலும் அது வேறு வேறு வேஷத்தில் திரும்ப வந்தது.

1778 பிப்ரவரியில் பிரான்ஸ் வெளிப்படையாகவே கூட்டணி ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கர்கள் மேல் பாசமா? இல்லை. ஏழாண்டுப் போரில் கனடாவையும் இந்தியாவில் தன் செல்வாக்கையும் பிரிட்டனிடம் பறிகொடுத்த அவமானம் அது. வெளியுறவு அமைச்சர் வெர்ஜென்னுக்கு வேண்டியிருந்தது பழிவாங்கல். இந்தப் போரின் ஒரு துண்டு நம்ம கடற்கரையிலும் நடந்தது. 1778 அக்டோபரில் பாண்டிச்சேரி பிரிட்டிஷார் கையில் விழுந்தது. 1782இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென்னின் கப்பல்கள் மோதின. 1783 ஜூனில் கடலூருக்கு அருகே நடந்த கடற்போர், ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்தான பிறகு நடந்தது. சேதி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அமெரிக்கா வென்ற இடம் என்று அதைப் படிக்கிறோம். ஆனால் கடல்வழியை அடைத்தது பிரெஞ்சுக் கப்பற்படை. மாலுமிகளையும் சேர்த்து எண்ணினால் அங்கே இருந்தவர்களில் அமெரிக்கர்களைவிட பிரெஞ்சுக்காரர்களே அதிகம்.

அடுத்த வருடம் ஒரு வேடிக்கை. 1782 நவம்பரில் அமெரிக்கத் தூதர்கள் பிரான்ஸுக்குச் சொல்லாமலே பிரிட்டனோடு பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வெர்ஜென் கோபமாக எழுதினார். பெஞ்சமின் பிராங்க்ளின், மரியாதை முறையில் ஒரு சின்னக் குறை நேர்ந்துவிட்டது என்று பணிவாகப் பதில் எழுதினார். கூடவே இன்னும் கொஞ்சம் கடனும் கேட்டார். பிரான்ஸ் 60 லட்சம் லிவ்ர் கொடுத்தது!

பிரான்ஸுக்கு இந்தப் போர் நூறு கோடி லிவ்ருக்கு மேல் செலவு வைத்தது. அதில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கிய பணம். 1788இல் கஜானா காலி. 1789இல் வரி போடுவதற்காக மன்னர் கூட்டிய சபை புரட்சியில் போய் முடிந்தது. புரட்சிக்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்கச் சுதந்திரத்தின் பில்லில் ஒரு பங்கு பதினாறாம் லூயியின் தலை என்று சொன்னால் அது மிகை இல்லை.

1793இல் பிரான்ஸ் பிரிட்டனோடு மறுபடி போரில் இறங்கியது. "அன்னைக்கு நாங்க வந்தோம், இன்னைக்கு நீங்க வாங்க" என்பது பிரான்ஸின் எதிர்பார்ப்பு. ஜார்ஜ் வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். ஒப்பந்தம் போட்டது மன்னரோடு, மன்னரையே கொன்றுவிட்டீர்கள், பிறகு எந்த ஒப்பந்தம் என்கிற ரீதியில் ஹாமில்டன் வாதாடினார். ஒப்பந்தம் தேசத்தோடு போட்டது என்றார் ஜெஃபர்சன். 1794இல் அமெரிக்கா பிரிட்டனோடு வணிக உடன்பாடு செய்துகொண்டதும் பிரான்ஸுக்குப் பொறுக்கவில்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் நூற்றுக்கணக்கான அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தன. சமாதானம் பேச வந்த தூதர்களிடம் தாலிராந்தின் ஆட்கள் லஞ்சமும் பெரிய கடனும் கேட்டார்கள். 1798 முதல் 1800 வரை இரண்டு நாடுகளும் அறிவிக்காத ஒரு கடற்போரை நடத்தின.

இந்தக் கட்டத்தில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று கவனியுங்கள். நன்றி கெட்டவர்கள், காசு காசு என்று அலைபவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கர்களைத் திட்டினார்கள். செய்த உதவியைச் சொல்லிக்காட்டி எங்களை அடிமையாக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள் அமெரிக்கர்கள். பின்னாளில் 'நன்றி கெட்ட' என்ற பட்டம் ஆள் மாறிவிட்டது. அதாவது இந்தப் பட்டங்கள் நாட்டின் ரத்தத்தில் ஊறியவை அல்ல, கணக்கில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை. கொடுத்தவன் எப்போதும் "நன்றி இல்லை" என்பான். வாங்கியவன் எப்போதும் "பணத்திமிர்" என்பான்.

சந்தேகம் இருந்தால் 1926க்கு வாருங்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் 13 லட்சத்துக்கும் மேல். 1917இல் உள்ளே வந்த அமெரிக்கா இழந்தது சுமார் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர், அதில் பாதிக்கு மேல் நோயில் இறந்தவர்கள். அந்த 1917 ஜூலை 4 அன்று, பாரிஸின் பிக்புஸ் கல்லறையில் லஃபாயெத்தின் சமாதி முன்னால் நின்று, வந்துவிட்டோம் என்று அவரிடமே சொன்னார் ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரி. பத்தொன்பது வயதில் வாஷிங்டன் படையில் சேர்ந்த பிரெஞ்சுப் பிரபு லஃபாயெத். பழைய கடன் தீர்ந்துவிட்டது போலத்தான் இருந்தது.

போர் முடிந்ததும் பில் வந்தது. அமெரிக்கா கொடுத்த சுமார் 400 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டது. நாங்கள் ரத்தம் கொடுத்தோம், நீங்கள் பணம் கொடுத்தீர்கள், அந்தப் பணத்தையும் உங்கள் நாட்டுச் சரக்கு வாங்கத்தானே செலவழித்தோம் என்றது பிரான்ஸ். கடன் என்றால் கடன் என்றது அமெரிக்கா. 1926இல் 62 வருடத் தவணை பேசி முடித்தார்கள். தாத்தா சண்டைபோட்ட போருக்குப் பேரன் தவணை கட்ட வேண்டும். ஜூலையில் கண்ணையும் காலையும் இழந்த முன்னாள் வீரர்கள் முன்னே செல்ல, பாரிஸில் உள்ள வாஷிங்டன் சிலையை நோக்கி ஊர்வலம் போனது. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் 'அங்கிள் சாம்', ஷேக்ஸ்பியரின் வட்டிக்காரன் பெயரைச் சேர்த்து 'அங்கிள் ஷைலாக்' ஆனார். 1932 டிசம்பர் தவணை சுமார் 1.9 கோடி டாலர். அதைக் கட்டிவிடலாம் என்று சொன்ன பிரதமர் எரியோவின் ஆட்சியை நாடாளுமன்றம் கவிழ்த்தது. தவணை கட்டப்படவில்லை.

1940இல் பிரான்ஸ் ஆறு வாரத்தில் விழுந்தது. 'சரணடையும் பிரெஞ்சுக்காரன்' என்கிற ஜோக்குக்கு மூலம் அதுதான். அந்த ஆறு வாரத்தில் 50,000க்கும் அதிகமான பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள் என்பது ஜோக்கில் வராது. 1944இல் அமெரிக்கர்கள் நார்மண்டியில் இறங்கினார்கள். கொலவில் கல்லறையில் மட்டும் அவர்களுடைய 9,000க்கும் மேற்பட்ட சமாதிகள் இருக்கின்றன. அதே நார்மண்டியில் சுமார் 20,000 பிரெஞ்சுப் பொதுமக்களும் செத்தார்கள், பெரும்பாலும் நேச நாடுகளின் குண்டுவீச்சில். ரூஸ்வெல்ட்டுக்கு டி கோலைப் பிடிக்காது. அவருடைய அரசை அமெரிக்கா அங்கீகரித்தது அக்டோபரில்தான். டி கோலும் ஆகஸ்டில் பாரிஸ் தன்னைத்தானே விடுவித்துக்கொண்டது என்று பேசினார். இப்போது கடன்பட்டவன் அவன். கடன்பட்டவன் கணக்கைச் சின்னதாக்கித்தான் எழுதுவான்.

அடுத்த வருடம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. பிரான்ஸில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் புலம்பித் தள்ளினார்கள். பிரெஞ்சுக்காரன் குளிப்பதில்லை, ஏமாற்றுகிறான், நன்றி இல்லை. ராணுவம் 1945இல் ஒரு சிறு நூல் போட்டது, 'பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி 112 புலம்பல்கள்'. ஒவ்வொரு புலம்பலுக்கும் பொறுமையாகப் பதில். குளிப்பதில்லையா? 1940இலிருந்து இந்த ஊரில் உருப்படியான சோப்பே கிடையாது. இருபத்தைந்து வருடத்தில் இரண்டு தடவை வந்து இவர்களைக் காப்பாற்றினோமா? இல்லை, நமக்கே ஆபத்து வந்ததால் வந்தோம். ஜெயித்த ஒரு ராணுவம் தன் சிப்பாயிடமே "இது தானம் இல்லப்பா" என்று சொல்கிறது. சொல்லிக்காட்டக் கூடாது என்று ஓர் அரசு அச்சடித்துக் கொடுத்தது, நான் படித்தவரை, அபூர்வம்.

ஆனால் அந்தப் பாடம் நிலைக்கவில்லை. 1966இல் நேட்டோவின் ராணுவ அமைப்பிலிருந்து விலகிய டி கோல், அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்றார். மண்ணுக்கடியில் கிடக்கும் வீரர்களையும் சேர்த்தா என்று வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. 2003இல் இது இன்னும் கீழே இறங்கியது. பிப்ரவரி 14 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் இராக் போர் வேண்டாம் என்று வாதாடினார் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தொமினிக் தெ வில்பன். அந்த நாட்களில் ஒரு நியூயார்க் நாளிதழ் நார்மண்டிக் கல்லறைகளின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, பிரான்ஸ் மறந்துவிட்டது என்றது. மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கேண்டீனில் 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். உலகமே சிரித்தது.

எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. 1944இல் இறந்த பையன்களின் பெயரால், 2003இல் ஒரு நாட்டின் ஓட்டைக் கேட்கிறார்கள். பழைய உதவிக்கு வட்டியாகச் சுயபுத்தியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 1793இல் பிரான்ஸ் அமெரிக்காவிடம் கேட்டதும் இதேதான். வாஷிங்டன் அன்று முடியாது என்றதைச் சரி என்று ஏற்கும் ஒருவர், பிரான்ஸ் 2003இல் முடியாது என்றதை எப்படித் துரோகம் என்று சொல்ல முடியும்? கடைசியில் இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இல்லை. உதவி வாங்கியவன் சொன்ன மறுப்புதான் சரியாக இருந்தது.

கேண்டீன் பெயர் மாற்றத்துக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ். சில வருடங்களில் அவர் அந்தப் போரின் கடும் எதிர்ப்பாளராக மாறினார். தன் அலுவலகத்துக்கு வெளியே இறந்த வீரர்களின் படங்களை வரிசையாக வைத்தார். 2019இல் இறக்கும்வரை அவர்களுடைய குடும்பங்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட கடிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

அப்படியானால் நன்றியே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது வாங்கியவன் தானாகத் தர வேண்டியது. மொய் நோட்டை எடுத்து நீட்டி வசூலிக்க முடியாது. நார்மண்டியில் சாதாரணக் குடும்பங்கள் சில, முன்பின் தெரியாத அமெரிக்கச் சிப்பாய்களின் சமாதிகளைத் தத்தெடுத்துப் பூ வைக்கின்றன. பிக்புஸில் லஃபாயெத்தின் சமாதிமேல் அமெரிக்கக் கொடி பறக்கிறது, ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் புதிது மாற்றுகிறார்கள். இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த 2003இலும் மாற்றினார்கள்.