பழைய ஷட்டரை எடைக்குப் போடும் முன்



கல்லணைக்குப் போகாத தஞ்சாவூர்க்காரர் இருக்க மாட்டார். உறவினர் வந்தால் பெரிய கோவில், அடுத்து கல்லணை என்றுதான் அழைத்துப் போகிறோம். ஆனால் அங்கே நாம் பார்ப்பது ஒரே காலத்தில் கட்டிய அணை அல்ல. அடியில் இருப்பது கரிகாலன் பெயரால் நாம் அறிந்த கற்கட்டு. அதன் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலைகள். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயின் தலைப்பும் அங்கேதான் இருக்கிறது. நாம் 'புதாறு' என்று அழைக்கிறோமே, அந்தக் கால்வாய்தான். பழையதை இடித்துத் தள்ளாமல், அது என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அதையே மீண்டும் பயன்படுத்தியதால்தான் கல்லணை இன்றும் வேலை செய்கிறது.

பழைய கல்லணையின் நீளம் சுமார் 1,080 அடி. அகலம் 40 முதல் 60 அடி, உயரம் 15 முதல் 18 அடி. நேர்கோடாக இல்லாமல் பாம்பு போல வளைந்து கிடக்கும். ஸ்ரீரங்கம் தீவு முடியும் இடத்தில் காவிரி நீர் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிவிடப் பார்க்கும். அதைத் தடுத்து டெல்டாவின் பக்கம் திருப்புவதே அணையின் வேலை.

பிரிட்டிஷார் வந்தபோது காவிரியில் மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் (ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் வேறு) பழைய அணையின் மேல் கல் வைத்து 27 அங்குலம் உயர்த்தினார். நீர் கூடுதலாகத் தேங்கியது. ஆனால் மணல் போக வழியில்லை.

அடுத்து வந்தவர் ஆர்தர் காட்டன். அவர் அணையின் உட்புறத்தைப் பார்த்தபோது, பெரிய கற்கள் களிமண்ணில் பதிக்கப்பட்டு, மேலே மட்டும் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பதைக் கண்டார். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அத்தனை காலம் அது நின்றிருந்தது. மணலில் அஸ்திவாரம் போடும் வழியைப் பழைய தமிழ்க் கட்டுநர்களிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் அவரே எழுதினார். 1830-இல் அணையை உடைக்காமல், அடியில் மணல்போக்கி மதகுகளை அமைத்தார். அணை நீரைத் தடுத்தது, மதகு மணலைத் தள்ளியது. 1836-இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கோதாவரியில் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் அணையைக் கட்டியபோதும் கல்லணையில் கற்ற பாடம் அவருக்குக் கைகொடுத்தது.

மணலையும் சேற்றையும் அடியில் தள்ளும் இந்த யோசனை நம் ஊருக்குப் புதிதல்ல. பழைய ஏரிகளுக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித்தூம்பு. மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. தண்ணீர் வயலுக்குப் போகும்போதே வண்டலும் கூடப் போகும். விவரம் தெரியாதவருக்கு அவை வெறும் தூண்கள். அப்படி நினைத்துப் பிடுங்கிப் போட்ட ஏரிகளும் உண்டு.

நம் நகரத்துக்குள்ளேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் சேவப்பநாயக்கன் ஏரியின் மழைநீர் நிலத்தடி வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து அய்யன்குளம் போன்ற நகர்க்குளங்களுக்கும் வந்து சேர்ந்தது. பிறகு தெருக்கள் மாறின, வழி மறந்துபோயிற்று. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது அந்தப் பழைய நீர்வழி வெளிப்பட்டது. கண்டவர்கள் அதை இன்னதென்று அடையாளம் தெரிந்துகொண்டதால் அது தப்பியது. தெரியாமல் இருந்திருந்தால் குப்பையோடு குப்பையாக லாரியில் ஏறியிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 1836-ஆம் ஆண்டு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் உழைத்த கட்டுமானம் அது. பழையது என்பதாலேயே ஒன்றைத் தூக்கி எறிவது தவறு என்றால், பழையது என்பதாலேயே சோதிக்காமல் நம்பி இருப்பதும் தவறுதான்.

இப்போது நம் நகருக்கு வருவோம். பின்புற வாய்க்காலின் முனையில் துருப்பிடித்து நிற்கும் இரும்பு ஷட்டரை அகற்றி, பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யும் முன், நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

முதலில், அது எந்தப் பக்கத்து நீரைத் தடுக்கிறது? பாசனத்துக்கான ஷட்டர் என்றால் வயலுக்குப் போகும் நீரை அளந்து விடும். வடிகால் முனையில் உள்ளது என்றால், ஆறு நிரம்பி ஓடும் நாளில் வெள்ளம் எதிர்த்து நம் தெருவுக்குள் ஏறாமல் காக்கும். இந்த இரண்டாவது வகையை அகற்றிவிட்டால், அதன் அருமை ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும்.

இரண்டாவது, இருபுறச் சுவரிலும் உள்ள காடிகளைப் பாருங்கள். ஷட்டர் ஏறி இறங்கும் காடியை ஒட்டி இன்னொரு ஜோடிக் காடி இருந்தால், அது பழுதுபார்க்கும் நேரத்தில் பலகை செருகி நீரை நிறுத்துவதற்கு. அதையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, அடித்தளம். வண்டல் மூடியிருக்கும்போது தெரிவது உண்மையான தரை அல்ல. மண்ணை எடுத்துத் தளத்தைக் கண்டபிறகுதான் ஷட்டரின் முழு உயரமும் வாய்க்காலின் உண்மையான ஆழமும் தெரியும்.

நான்காவது, எழுத்துகள். பற்சக்கரப் பெட்டியிலோ சட்டத்திலோ ஆண்டு, எண், தயாரித்தவர் பெயர் வார்ப்பில் இருக்கலாம். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்து, சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுங்கள்.

ஐந்தாவது, அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும், ஓய்வு பெற்ற லஸ்கர் யாராவது இருந்தால் அவரையும் கேளுங்கள். எந்த மாதத்தில் திறப்பார்கள், எந்த வெள்ளத்தில் அடைப்பார்கள் என்பது அவர்கள் நினைவில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இறுகிக் கிடக்கும் திருகுத் தண்டில் நீளக் குழாயை மாட்டி யாரும் முறுக்க வேண்டாம். மரை போய்விடும், கையும் போகும். பெரும்பாலும் கீழ்ப்பலகைதான் அரித்திருக்கும். தண்டும் வார்ப்பிரும்புப் பற்சக்கரமும் துரு எடுத்து கிரீஸ் போட்டால் வேலை செய்யக்கூடும். அப்படியென்றால் பலகையை மட்டும் மாற்றினால் போதும். சுவரும் அடித்தளமும் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஷட்டர் நமது சங்கத்தின் சொத்து அல்ல. நீர்வளத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா என்று கேட்டு, எழுத்து மூலம் மனு கொடுப்பதுதான் முறை. விற்க நமக்கு உரிமையில்லை. சீர் செய்யச் சொல்லிக் கேட்க முழு உரிமை உண்டு.

எடுத்த படங்களையும் கேட்ட செய்திகளையும் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். அவற்றை இணைத்தே மனு எழுதலாம். மழை தொடங்க அதிக நாள் இல்லை.